குன்னூர் வீட்டுப் புகைபோக்கியில் ஈரம்: இடிக்கும் முன் எங்கே, எப்படிப் பார்ப்பது

நீங்கள் கேட்டது இது. குன்னூரில் 1930களில் கட்டிய ஓட்டு வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். சுவரில் கட்டிய நெருப்பிடங்கள், அதாவது கணப்புகள், இரண்டு. ஹாலில் இருப்பதைக் குளிர்காலத்தில் எரிக்கிறீர்கள். படுக்கையறையில் இருப்பதைப் பழைய உரிமையாளர் பிளைவுட் வைத்து அடைத்துவிட்டார். அந்தப் படுக்கையறையில், கணப்புக்கு மேலே சீலிங்கை ஒட்டிப் பழுப்புக் கறை. இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் திரும்ப வந்துவிட்டது. ஒருவர் புகைபோக்கி முழுக்க வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் கூரைக்கு மேலே இருப்பதை இடித்துவிட்டு ஓடு போட்டு மூடச் சொல்கிறார். எதைச் செய்வது? அடைத்த படுக்கையறைக் கணப்பை என்ன செய்வது?

இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. வழி தெரியாமல் பெயிண்ட் அடித்தால் உள்ளே வந்த ஈரம் வெளியே போக முடியாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். இடித்தால் திரும்பக் கட்டத் தெரிந்த கை இப்போது சுலபத்தில் கிடைக்காது. நான் இருபது வருடத்துக்கு மேலாக நீலகிரியில் பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். புகைபோக்கி ஒழுகுகிறது என்று கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு நாள் பொறுமையாகச் சுற்றிப் பார்த்ததிலேயே காரணம் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு நாளை எப்படிச் செலவழிப்பது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சமவெளியில் சிம்னி என்றால் அடுப்புக்கு மேலே மாட்டும் மின்விசிறிப் பெட்டிதான். அங்கே பழைய ஓட்டு வீடுகளில் அடுப்புப் புகை ஓட்டு இடுக்கு வழியாகவே போய்விடும். செங்கல்லில் புகைபோக்கி எழுப்பும் பழக்கம் மலைக்கு வெள்ளைக்காரர்களோடு வந்தது. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் வீடு கட்டியதில் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் இங்கே பங்களாக்கள் எழுந்தன. அவற்றைக் கட்டிய மேஸ்திரிகளின் கைப்பழக்கம் அவர்களோடு போய்விட்டது. இன்று உங்கள் வீட்டுக்கு வரும் கொத்தனார் கான்கிரீட் வீட்டில் வேலை பழகியவர். நல்ல வேலைக்காரராகவே இருப்பார், ஆனால் புகைபோக்கியைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்துப் பூசிவிடுவார். அதனால் வீட்டுக்காரர் நீங்களே ஓரளவு தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வீட்டுச் சுவருக்குக் கூரை குடை பிடிக்கிறது. புகைபோக்கிக்கு அந்தக் குடை கிடையாது. நான்கு பக்கமும் மழை அடிக்கும், தலையும் திறந்து கிடக்கும். நீலகிரி மழையும் சாதாரண மழை இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. உங்கள் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆனி, ஆடி மழை. மழை எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்பது இதில் பெரிய விஷயம். குன்னூர் வீட்டில் புகைபோக்கியின் கிழக்கு முகமும் வடக்கு முகமும் முதலில் கெடும். ஊட்டியில் மேற்கு முகம். பைனாகுலரை எடுத்தால் முதலில் அந்த முகத்தைத்தான் பாருங்கள்.

ஆனால் கூரையில் ஏறுவதற்கு முன் கறையைப் படிக்க வேண்டும். ஒரு பென்சிலால் கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். மூன்று வாரம் அப்படியே விடுங்கள். மழை பெய்த நாள், மூடுபனி மட்டும் இருந்த நாள், ஹால் கணப்பை எரித்த நாள், மூன்றையும் ஒரு காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். செலவு ஒரு பென்சில்தான், ஆனால் எந்தக் கருவியையும் விட இது அதிகம் சொல்லும். கனமழை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் கோடு தாண்டி ஈரம் பரவினால் தண்ணீருக்கு நேர் வழி இருக்கிறது: ஓடு நகர்ந்திருக்கும் அல்லது கூரையும் புகைபோக்கியும் சேரும் இடம் விட்டிருக்கும். மழை நின்ற மறுநாள்தான் கறை பெரிதானால் செங்கல் குடித்த தண்ணீர் மெதுவாக ஊறி வருகிறது. ஹாலில் நெருப்பு மூட்டிய இரவுக்குப் பிறகு படுக்கையறைக் கறை கருத்தால் அதைத் தண்ணீர்ப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். அது ஆபத்து, கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மழையே இல்லாமல், மூடுபனி இறங்கிய நாளில் மட்டும் சுவர் வியர்த்தால்? இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொண்டு கூரையைப் பிரிக்கிறார்கள். பல பத்து வருடம் விறகு எரித்த புகைபோக்கியில் புகையோடு வந்த உப்புகள் செங்கல்லுக்குள் இறங்கியிருக்கும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். சமையலறையில் திறந்து வைத்த கல்லுப்பு மழைக்காலத்தில் கசிகிற மாதிரிதான். காற்று காய்ந்தால் கறை வெளுக்கும், பனி வந்தால் மறுபடி கருக்கும். இந்த வகைக் கறைக்கு ஒழுகலே இல்லாமல் இருக்கலாம், அல்லது எப்போதோ ஒழுகி அடைத்துவிட்ட பிறகும் உப்பு மட்டும் மிஞ்சியிருக்கலாம். உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பில் புதிதாகப் பூச வேண்டும், மேலே பெயிண்ட் அடித்து மறைக்க முடியாது. உங்கள் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு பழுப்பு மேலே வருவதற்குக் காரணம் புகைக்கரியில் உள்ள தார் தண்ணீரில் கரைந்து வருவதுதான். எத்தனை கோட் அடித்தாலும் வரும்.

இன்னும் ஒரு சின்னப் பரிசோதனை. சமையலறை அலுமினியத் தாளை ஒரு சதுர அடிக்கு வெட்டி, கறை மேல் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறை பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் அது அறைக்காற்றின் ஈரம், குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கிறது. தாளை உரித்தால் சுவர் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

சரி, இப்போது வெளியே வாருங்கள். வெயில் சாய்வாக விழும் காலை நேரம் நல்லது. நிழலில் மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். நான்கு பக்கமும் தூரத்திலிருந்து பாருங்கள். புகைபோக்கி நேராக நிற்கிறதா? சந்தேகமாக இருந்தால் கையை நீட்டித் தூக்குக்குண்டு நூலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, புகைபோக்கியின் ஓரத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒரு பக்கமே எப்போதும் நனைந்து காய்கிற பழைய புகைபோக்கிகள் மெதுவாக வளைவதுண்டு. புகையில் உள்ள கந்தகம் ஈரமான சாந்தில் வேலை செய்து ஒரு பக்கத்து இணைப்புகளை வீங்க வைக்கும். சாய்வு கண்ணுக்கே தெரிந்தால் அதோடு பரிசோதனையை நிறுத்திக்கொண்டு ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கீழே யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேராக நிற்கிறது என்றால் முகத்தைப் பாருங்கள். வெள்ளையாக உப்பு பூத்திருக்கும் இடம், தண்ணீர் செங்கல்லுக்குள் போய் வெளியே வந்து காய்ந்த இடம். செங்கல்லின் மேல்தோல் பொரிந்து உதிர்ந்து, உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிந்தால் சேதம் முற்றியிருக்கிறது. பாசி பச்சையாகப் படர்ந்திருந்தால் அந்தப் பக்கம் காய்வதே இல்லை என்று அர்த்தம். பெரணியோ அரசங்கன்றோ முளைத்திருந்தால் அந்த இணைப்பில் சாந்து இல்லை, மண்தான் இருக்கிறது. கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். வேர் இரண்டு வரிசைச் செங்கல்லைச் சேர்த்துக் கொண்டுவரும். தண்டை வெட்டி, வேரைப் பட்டுப்போக வைத்து, பிறகு இணைப்பைத் திறந்து எடுக்க வேண்டும்.

அடுத்து மச்சு. சீலிங் பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவே போக வழி இருந்தால், நல்ல டார்ச்சோடு போங்கள். குன்னூர் வீடுகளில் பெரும்பாலும் வராண்டா பக்கமோ குளியலறை மேலோ ஒரு மரக்கதவு இருக்கும். புகைபோக்கி சீலிங்கைத் துளைத்து மேலே போகிற இடத்தில் நின்று சுற்றிப் பாருங்கள். கைமரங்களிலும் ரீப்பர்களிலும் தண்ணீர் வடிந்த கோடு கறுப்பாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் நுழைவாயில் தெரியும். மரத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அப்படியே இன்னொன்றும் பாருங்கள்: புகைபோக்கியை மரம் தொட்டுக்கொண்டிருக்கிறதா? வீட்டுக்குள் நிற்கும் செங்கல் புகைபோக்கிக்கும் மரத்துக்கும் நடுவே 2 அங்குலம் இடைவெளி வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரநிலை. நம் பழைய வீடுகளில் மரம் முட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். முட்டுகிற இடத்தில் மரம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தால், அங்கே பல வருடமாகச் சூடு ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணப்பை எரிப்பதை உடனே நிறுத்துங்கள்.

இனி கூரை. நீங்களே ஏற வேண்டாம் என்றுதான் சொல்வேன். மங்களூர் ஓடு பாசி பிடித்தால் சோப்பு போட்ட தரை போல வழுக்கும், நடுவில் மிதித்தால் உடையும். கூரையில் ஏறிப் பழகிய ஆளை அனுப்புங்கள், ஓட்டு மேல் ஏணியைப் படுக்கப் போட்டு அதில் நடக்கச் சொல்லுங்கள், மேலே கைமரத்தில் கயிறு கட்டி இடுப்பில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கையில் போன் கொடுத்து நான் சொல்லும் இடங்களை எல்லாம் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு ஏறினால் போதும். சிமெண்டு ஷீட் கூரையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதன் வழியாக விழுந்தவர்களை நான் அறிவேன்.

முக்கியமான இடம் புகைபோக்கியின் முதுகு, அதாவது கூரைச் சரிவில் மேல் பக்கம். உச்சியிலிருந்து ஓட்டு மேல் வழிந்து வரும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து முட்டி நிற்கும். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலைகளும் சில்வர் ஓக் சருகும் அங்கே சேர்ந்து அணை கட்டிவிடும். அந்தக் குப்பையை வாரிப் போட்டதிலேயே ஒழுகல் நின்ற வீடுகள் உண்டு. குரங்குத் தொல்லை உள்ள பகுதியென்றால் அக்கம்பக்கத்து ஓடு ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும், ஒரு விரலளவு நகர்ந்தாலும் போதும் தண்ணீருக்கு.

கூரையும் செங்கல்லும் சேரும் கோட்டில் பழைய காலத்து வேலையில் ஈயத் தகடு இருக்கும். கூரையோடு சேர்ந்த ஒரு தகடு செங்கல் முகத்தில் அரை அடி ஏறி நிற்கும். அதன் மேல் இன்னொரு தகடு, செங்கல் இணைப்பில் ஓர் அங்குலம் செருகி, கீழே மடங்கித் தொங்கும். இரண்டுக்கும் ஆணி உறவு கிடையாது. கூரை மரம் வெயிலுக்கும் மழைக்கும் அசைந்துகொண்டே இருக்கும், புகைபோக்கி அசையாது. அசைவதற்கும் அசையாததற்கும் நடுவே இடம் விட்டு, தண்ணீருக்கு மட்டும் வழி மறித்த வேலை அது. ஈயத்துக்கு விலை உண்டு. பல வீடுகளில் எப்போதோ உருவிப் போய்விட்டார்கள். அதற்குப் பதிலாகக் கூரைக்கும் செங்கல்லுக்கும் சேர்த்துச் சிமெண்டை அணைத்துப் பூசிவிட்டார்கள். அந்தச் சிமெண்டு முதல் கோடையிலேயே விரிசல் விடும். உங்கள் கறை சீலிங்கை ஒட்டி இருப்பதால், என் சந்தேகம் முதலில் இந்த இடத்தின் மேல்தான்.

கோத்தகிரி பக்கம் ஒரு வீடு. கறை புகைபோக்கியிலிருந்து நாலடி தள்ளி, அலமாரிக்கு மேலே. மூன்று பேர் வந்து ஓட்டை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா, "தம்பி, நீயும் ஓட்டை மாத்தறதா இருந்தா இப்பவே சொல்லிடு" என்றார். நாங்கள் ஓட்டைத் தொடவில்லை. மேலே ஒருவர் தோட்டத்து ஹோஸ் பைப்போடு, மச்சில் நான் டார்ச்சோடு. தண்ணீரை எப்போதும் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் மேலே விட்ட தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துக் குழப்பிவிடும். முதலில் புகைபோக்கிக்குக் கீழ்ப்பக்க ஓட்டில் இருபது நிமிடம். ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு பக்கவாட்டிலும் இருபது இருபது நிமிடம். அதிலும் இல்லை. முதுகுப் பக்கம் பைப்பை வைத்து ஏழாவது நிமிடம், டார்ச் வெளிச்சத்தில் கைமரத்தின் அடியில் ஒரு சொட்டு மினுங்கியது. அது கீழே விழவில்லை. கைமரத்தைப் பிடித்துக்கொண்டே சரிவில் நாலடி ஓடி, ஒரு ஆணித்தலையில் வந்து நின்று, அங்கிருந்து சீலிங் மேல் விழுந்தது. மேலே ஏறிப் பார்த்தால் சிமெண்டு அணைப்பில் ஒரு விரிசல். விசிட்டிங் கார்டு ஒன்று தாராளமாக உள்ளே போய் வந்தது. சிமெண்டை எடுத்துவிட்டு இரண்டு தகடு மடித்துப் போட்டோம். அதற்குப் பிறகு அங்கே ஒழுகவில்லை.

உங்கள் வீட்டிலும் இதே ஹோஸ் சோதனையைச் செய்யலாம். வலுவாகப் பீய்ச்ச வேண்டாம், மழை மாதிரி வழிய விட்டால் போதும். கூரைக் கோட்டைத் தாண்டியும் ஒழுகல் வரவில்லை என்றால் அடுத்து செங்கல் முகம், கடைசியாகத் தலை. மச்சில் மின்கம்பி ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள். சோதனைக்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள்.

தலையில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. செங்கல்லின் மேல் சரிவாகப் பூசிய காரை விரிந்திருக்கிறதா, புகை வெளியேற உச்சியில் வைத்த மண்குழாய் இருந்தால் அது ஆடுகிறதா, மழை நேராக உள்ளே விழாமல் மேலே தொப்பியோ கல்பலகையோ இருக்கிறதா. எரிக்கிற புகைபோக்கிக்குத் தொப்பி வைத்தால் நான்கு பக்கமும் காற்று போக வழி வேண்டும், வலை அடித்தால் பறவை வராது. அடைத்துக் கிடக்கும் உங்கள் படுக்கையறைப் புகைவழியில் தேன்கூடு இருந்தாலும் ஆச்சரியமில்லை. பூச்சு மீறி மஞ்சள் பிசுக்காக வடிந்தால் அது மழைத்தண்ணீர் அல்ல, தேன். அப்படியானால் கூடு எடுக்கத் தெரிந்தவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

இணைப்புகளைச் சோதிக்க ஒரு பழைய ஆணி போதும். சாந்தில் ஆணியால் கீறுங்கள். கீறல் மட்டும் விழுந்தால் நல்ல சாந்து. மணலாக உதிர்ந்து, ஆணி விரல் நகத்தளவு உள்ளே போனால் இணைப்பைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. சுத்தியல் காம்பால் செங்கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. 1930களின் வீட்டில் சாந்து சுண்ணாம்பாக இருக்கும். சில வீடுகளில் உள்ளே மண்சாந்தும் வெளியே சுண்ணாம்புமாக இருக்கும். செங்கல்லும் இன்றைய சேம்பர் செங்கல் மாதிரி கெட்டி இல்லை, மெதுவானது. இந்த மாதிரிச் சுவர் மழையைக் கொஞ்சம் குடிக்கும், வெயிலில் சாந்து வழியாக மூச்சு விட்டுக் காயும். அதில் சிமெண்டு பாயிண்டிங் செய்தால், அதாவது இணைப்புகளைச் சிமெண்டால் அடைத்தால், சாந்து செங்கல்லை விடக் கெட்டியாகிவிடும். ஈரம் சாந்து வழியே போக முடியாமல் செங்கல் முகம் வழியாகவே போகும், உப்பும் அங்கேயே சேரும், செங்கல் பொரியும். பத்து வருடத்தில் சிமெண்டுக் கோடுகள் தேன்கூட்டு அறைகளைப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும், நடுவே செங்கல் கரைந்து குழியாகியிருக்கும். ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் மாதிரி உறைபனி விழும் இடங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும், ஏனென்றால் தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெரிதாகும். வாட்டர்ப்ரூஃப் பெயிண்டும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. தலையில் ஒரு மயிர்க்கோட்டு விரிசல் இருந்தால் போதும். தண்ணீர் உள்ளே வந்துவிடும், பெயிண்ட் அதை வெளியே விடாது. பெயிண்ட் கம்பெனிக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சரக்கு கான்கிரீட் மாடிக்கு நல்லது. உங்கள் புகைபோக்கிக்கு ஆகாது.

புதுப்பிப்பது என்றால், இணைப்பை ஓர் அங்குல ஆழத்துக்கு உளியால் கையாலேயே எடுக்க வேண்டும். கட்டிங் மிஷின் வைத்தால் செங்கல் விளிம்பு போய்விடும். தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து நனைத்து, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த மணல் மூன்று பங்கு சேர்த்துப் பிசைந்த சாந்தை அழுத்தி அடைக்க வேண்டும். சாந்து தண்ணீராக இருக்கக் கூடாது, கையில் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் மெதுவாகக் காய விடுங்கள். சுண்ணாம்பு இறுகக் காற்று வேண்டும், நாள் வேண்டும். அதனால்தான் இந்த வேலையை மார்ச், ஏப்ரலில் முடிக்கச் சொல்கிறேன். மழைக்கு முந்தின வாரம் பூசினால் முதல் மழையிலேயே வழிந்துவிடும்.

இப்போது ஆபத்தான விஷயத்துக்கு வருகிறேன். ஹால் கணப்பும் படுக்கையறைக் கணப்பும் ஒரே சுவரில் முதுகோடு முதுகு ஒட்டி இருக்கின்றனவா? கூரைக்கு மேலே ஒரே புகைபோக்கிதான் தெரிகிறதா? அப்படியானால் உள்ளே இரண்டு புகைவழிகள் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன, நடுவே பெரும்பாலும் ஒற்றைச் செங்கல் தடுப்புத்தான். அந்தத் தடுப்பின் சாந்து உதிர்ந்தால் ஹாலில் எரியும் புகை படுக்கையறைப் பக்கம் தாவும். பிளைவுட் அதைத் தடுக்காது. புகையாவது கண்ணை எரித்துச் சொல்லிவிடும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கி எழாதவர்களைப் பற்றி மலையில் குளிர்காலத்தில் செய்தி வருகிறதே, அதே வாயுதான்.

இதைக் கண்டுபிடிக்கப் புகைச் சோதனை செய்ய வேண்டும். பகல் நேரம், குழந்தைகளும் வயதானவர்களும் வெளியே. ஹால் கணப்பில் காய்ந்த காகிதம் எரித்து முதலில் புகைவழியைச் சூடாக்குங்கள். பிறகு ஈர இலையைக் கொஞ்சம் போட்டு அடர்த்தியான புகை வரவையுங்கள். மேலே இருப்பவர் அந்தப் புகைவழியின் வாயில் மட்டும் ஈரச்சாக்கை ஓரிரு நிமிடம் மூடட்டும். நீங்கள் படுக்கையறையில் பிளைவுட் ஓரத்திலும், மச்சில் செங்கல் முகத்திலும் பாருங்கள். எங்கே நூல் மாதிரி புகை கசிந்தாலும் சாக்கட்டியால் வட்டம் போட்டு, படம் எடுத்து, உடனே சாக்கை எடுக்கச் சொல்லிக் கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஒரே ஒரு கசிவு தெரிந்தால்கூட, புகைவழிக்குள் உருக்குக் குழாய் இறக்கும் வரை அல்லது தடுப்பைச் சரி செய்யும் வரை ஹாலில் நெருப்பு வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் படுக்கையறையில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை இன்றே வாங்கி மாட்டுங்கள்.

புகைவழியின் உள்பக்கத்தைப் பார்க்கப் போனைச் செல்ஃபி கம்பில் மாட்டி, விளக்கைப் போட்டு, வீடியோ ஓடவிட்டுக் கீழிருந்து மேலே நீட்டுங்கள். கறுப்பு மாவு மாதிரிக் கரி இருந்தால் துடைத்தால் போகும். தார் மாதிரி பளபளவென்று ஒட்டியிருந்தால் அது எரியக்கூடியது. புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிப்பது அதனால்தான். கரிப்படிவம் 3 மில்லிமீட்டர் ஆனாலே துடைத்துவிட வேண்டும். பச்சை விறகு எரித்தால் இந்தத் தார் சீக்கிரம் சேரும். கற்பூர மரமோ சீகையோ (வாட்டில் மரம்), எதுவானாலும் பிளந்து அடுக்கி ஒரு வருடமாவது காய்ந்த பிறகு எரியுங்கள். பச்சை விறகின் ஈரம் ஆவியாகி மேலே போய், குளிர்ந்த செங்கல்லில் பட்டுத் தண்ணீராகி உள்ளேயே வழியும். அதுவும் ஒழுகல் மாதிரிதான் தெரியும்.

புகைபோக்கியின் உயரத்தையும் ஒரு தடவை அளந்து வையுங்கள். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடிக்குள் இருக்கும் கூரை முகட்டை விட 2 அடி உயரமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் காற்று புகையை உள்ளே தள்ளும். பாதி இடித்து மூடலாம் என்று சொல்பவருக்கும் இதையே சொல்லுங்கள். கீழே கணப்பை இடித்துவிட்டு மேலே செங்கல்லை அந்தரத்தில் விடுவது இன்னும் மோசம். டிவி வைக்க இடம் வேண்டும் என்று ஒரு வீட்டில் அப்படிச் செய்திருந்தார்கள். மச்சில் பார்த்தால் டன் கணக்கில் செங்கல் இரண்டு மரச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அன்றே முட்டுக் கொடுத்தோம்.

கடைசியாக, அடைத்த படுக்கையறைக் கணப்பை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பிளைவுட்டை எடுங்கள். உள்ளே விழுந்து கிடக்கும் கரி, சருகு, பறவைக்கூடு எல்லாவற்றையும் வாருங்கள். அவை ஈரத்தைப் பஞ்சு மாதிரிப் பிடித்து வைத்திருக்கும். எரிக்கும் எண்ணம் இல்லை என்றால் மேலே மழை விழாத, காற்று மட்டும் போகும் தொப்பி வையுங்கள். கீழே திரும்பப் பலகை அடித்தால், அதில் கையகலத்துக்கு வலை போட்ட ஒரு துவாரம் விடுங்கள். மேலும் கீழும் இறுக்கி அடைத்த புகைவழி உள்ளேயே வியர்த்து, கரியைக் கரைத்து, சுவர் வழியாக வெளியே தள்ளும். உங்கள் கறையில் பாதி இதனால் வந்ததாகக்கூட இருக்கலாம். துவாரம் விட்ட பிறகு பென்சில் கோட்டை மறுபடி போட்டு ஒரு மழைக்காலம் பாருங்கள். அதுவரை அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம்.